ஒரே வேக்குவம் பம்பு போதுமா?

கேள்வி: ஐயா, புதிதாகத் தொடங்கிய ஒரு சிறிய வேதியியல் ஆய்வகத்தின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒரு லிட்டர் குடுவை போடும் ரோட்டவேப்பர் (குடுவையைச் சுழற்றி, குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) ஒன்று, வேக்குவம் அவன் (வெற்றிடத்தில் உலர்த்தும் அடுப்பு) ஒன்று, வடிகட்ட இரண்டு புக்னர் புனல்கள் இருக்கின்றன. அடுத்த மாதம் சின்ன ஃபிரீஸ் டிரையர் (உறையவைத்து உலர்த்தும் கருவி) ஒன்றும் வருகிறது. ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவி) பிரித்தெடுக்கும் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) உலர்த்துவதற்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பம்பு வாங்கத்தான் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. விற்பனையாளர் இரட்டை நிலை (அடுத்தடுத்து இரண்டு கட்டமாக நசுக்கும்) ஆயில் பம்பு ஒன்றைக் காட்டி, "இது 0.001 மில்லிபார் வரை போகும் மேடம், மற்ற வேலையெல்லாம் இதற்குள்ளேயே அடங்கிவிடும்" என்கிறார். ஆழமாகப் போகும் பம்பை வாங்கிவிட்டால் லேசான வேலைக்கும் அதுவே ஆகும்தானே?

பதில்: அவர் சொன்ன எண் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த 0.001 எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். புது எண்ணெய் ஊற்றி, நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, பம்பின் வாயில் வேறு எதையும் இணைக்காமல் கேஜை (அழுத்தமானியை) மட்டும் பொருத்தி அளந்த எண் அது. உங்கள் ஆய்வகத்தில் அந்த வாய் சும்மா இருக்கப்போவதில்லை. எத்தில் அசிடேட் உள்ளே போகும், மெத்தனால் போகும், டைகுளோரோமீத்தேன் போகும், பெப்டைடோடு ஒட்டிக்கொண்டு வரும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமும் போகும். முதல் வாரத்திலேயே அந்த எண் காணாமல் போயிருக்கும். அதனால் பம்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றுக்குள் என்ன ஆவி போகப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் ஒரு நாள் ரோட்டவேப்பரின் பம்பு நின்றுபோனது. எனக்கோ அவசரம். பக்கத்து மேசையில் சும்மா கிடந்த ஆயில் பம்புக்கு ஹோஸை மாற்றிப் பொருத்தினேன். ஒரு மணி நேர வேலைதானே என்று, வழியிலேயே ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கோல்டு டிராப் கூட வைக்கவில்லை. எத்தில் அசிடேட் பறந்த வேகத்தைப் பார்த்து, இத்தனை நாள் ஏன் இப்படிச் செய்யவில்லை என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலையில் பம்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்தால், எண்ணெய் மட்டம் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. யாரோ எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்தேன். யாரும் ஊற்றவில்லை. அடியில் இருந்த திருகைத் திறந்து வடித்தபோது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை குப்பென்று வந்தது. நான் பறக்கவிட்டதாக நினைத்த கரைப்பானில் பெரும்பகுதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது. மூன்று முறை எண்ணெய் மாற்றியும் அந்தப் பம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

நடந்தது இதுதான். பம்பு தன் வாயில் வாங்கும் ஆவியை, வெளியே தள்ளுவதற்காக வளிமண்டல அழுத்தம் வரை நசுக்க வேண்டும். காற்றை எவ்வளவு நசுக்கினாலும் காற்றாகவே இருக்கும். கரைப்பான் ஆவியை நசுக்கினால் பாதி வழியிலேயே திரவமாகிவிடும். எண்ணெயே இல்லாமல், மேலும் கீழும் அசையும் தகட்டால் ஓடும் டயாஃபிரம் பம்பில் அந்தத் திரவம் அப்படியே மறுபக்கம் தள்ளப்பட்டு வெளியேறும். ஆயில் பம்பில் அது எண்ணெயோடு கலந்துவிடும். நீர்த்துப்போன எண்ணெயால் உள்ளே சுழலும் தகடுகளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியை அடைக்கவும் முடியாது, உராய்வைத் தாங்கவும் முடியாது. அமிலமும் சேர்ந்துவிட்டால் உள்ளே உலோகம் அரிக்கத் தொடங்கும்.

சரி, உங்கள் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வடிகட்டுவதற்கு ஆழமான வேக்குவம் தேவையே இல்லை. பம்பு உறிஞ்சுகிறது என்றுதான் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றுதான் திரவத்தைக் கீழே தள்ளுகிறது. வெளியே சுமார் 1,000 மில்லிபார், குடுவைக்குள் 100 என்றால் தள்ளும் விசைக்கு 900 கிடைக்கிறது. உள்ளே 1 மில்லிபாருக்கு இறக்கினால் 999. இவ்வளவு பாடுபட்டும் பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். அதற்குக் கொடுக்கும் விலை அதிகம்: வடிந்த கரைப்பான் குடுவைக்குள் கொதிக்கத் தொடங்கும், குளிரும், புனலின் துளைகளிலேயே படிகங்கள் உருவாகி வழியை அடைக்கும். வடிகட்டுவது மெதுவாக இருக்கிறதே என்று இன்னும் வலுவான பம்பைத் தேடுபவர்கள் பலர். அந்த வலுதான் பல நேரங்களில் அடைப்புக்கே காரணம்.

வடிகட்டுவதில் இன்னொரு சங்கதியும் உண்டு. தாளின் மேல் இருக்கும் திரவம் தீர்ந்த பிறகு காற்று தொடர்ந்து உள்ளே பாயும். அப்படி அதிக அழுத்தத்தில் காற்றை விழுங்கிக்கொண்டே இருக்கும் ஆயில் பம்பு, வெளிவாயில் எண்ணெய்ப் புகையைக் கக்கும். அறையில் நீல மூட்டம் நிற்பதைப் பார்த்தால் பம்பு எரிகிறது என்று பயப்பட வேண்டாம். எண்ணெய் நுண்துளிகளாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதைத்தான் அறையில் இருப்பவர்கள் சுவாசிக்கிறார்கள். ஆயில் பம்புக்கு இது ஏற்ற வேலையே இல்லை.

அடுத்தது ரோட்டவேப்பர். உங்கள் பம்பு பெரும்பாலான நாட்களில் செய்யப்போகும் வேலை இதுதான் என்பதால் இதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன். இங்கே பழைய கட்டைவிரல் விதி ஒன்று இருக்கிறது: தண்ணீர்த் தொட்டி 60 டிகிரி, ஆவி 40 டிகிரி, கன்டன்சருக்கு (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் பகுதி) போகும் குளிர்நீர் 20 டிகிரி அல்லது அதற்கும் கீழே. அதாவது கரைப்பான் 40 டிகிரியில் கொதிக்கிற மாதிரி அழுத்தத்தை வைக்க வேண்டும். அந்த அழுத்தம் அசிட்டோனுக்கு ஏறத்தாழ 556 மில்லிபார், மெத்தனாலுக்கு 337, எத்தில் அசிடேட்டுக்கு 240, எத்தனாலுக்கு 175, தொலுயீனுக்கு 77, தண்ணீருக்கு 72. டைமெத்தில்ஃபார்மமைடுக்கு மட்டும் 11 அளவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. டைகுளோரோமீத்தேன் சாதாரண அழுத்தத்திலேயே 40 டிகிரியில் கொதித்துவிடும். அதற்குப் பம்பு பெயருக்குத்தான்.

இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், இவற்றில் எதற்கும் 0.001 வேண்டியதில்லை. ஆழமான பம்பை நேரடியாக மாட்டினால் இங்கே கெடுதல்தான் அதிகம். டைகுளோரோமீத்தேனின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் சுமார் 470 மில்லிபார். உங்கள் குளிர்நீர் 20 டிகிரியில் இருக்கும்போது பம்பு 100 மில்லிபாருக்கு இழுத்துவிட்டால், கன்டன்சரில் ஒரு சொட்டுகூட நிற்காது. அத்தனையும் பம்பு வழியாகப் போய் அறைக்குள் வந்துவிடும். சேகரிப்புக் குடுவை காலியாக இருக்க, மேலே உள்ள குடுவையும் காலியாகிவிட்டது என்றால், கரைப்பான் எங்கே போனது என்று யோசியுங்கள். அதனால் பம்போடு ஒரு வேக்குவம் கன்ட்ரோலரும் வாங்குங்கள். பம்பின் ஆழத்தை விட, விரும்பிய அழுத்தத்தில் நிறுத்தி வைக்கும் வசதிதான் ரோட்டவேப்பருக்கு முக்கியம். நுரைத்துப் பொங்கிக் குழாய்க்குள் ஏறும் தொல்லையும் அதனால் பெருமளவு குறையும்.

ரோட்டவேப்பருக்கு ஏற்றது வேதிப்பொருட்களைத் தாங்கும் டயாஃபிரம் பம்பு. ஆவி தொடும் இடமெல்லாம் டெஃப்ளான் அல்லது அதன் உறவுக்காரப் பொருட்களாக இருக்கும். எண்ணெய் கிடையாது. டயாஃபிரம் என்பது மேலும் கீழும் அசையும் ஒரு தகடு; பல்லாயிரம் மணி நேரம் ஓடிய பிறகு அது கிழியும், வால்வுகளோடு சேர்த்து மாற்றிக்கொள்ளலாம், கைப்பழக்கம் இருந்தால் ஒரு மதிய வேலை. கவனியுங்கள், வெளித்தோற்றத்தில் இதே மாதிரி இருக்கும் சாதாரண டயாஃபிரம் பம்புகளும் உண்டு. அவற்றில் தகடு ரப்பர், தலை அலுமினியம். காற்றை மட்டும் இழுப்பதற்கானவை. டெஃப்ளான் என்று பட்டியலில் எங்கோ ஓரிடத்தில் எழுதியிருந்தால் போதாது. தகடு, தலை, வால்வு மூன்றும் எதனால் ஆனவை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

எத்தனை நிலை வேண்டும்? ஒரே நிலை கொண்டது 100 மில்லிபாரை ஒட்டி நின்றுவிடும். இரண்டு நிலை 10 மில்லிபார் அளவு வரை போகும். மூன்று நிலை 2 வரை. இறுதி அழுத்தத்தை நெருங்க நெருங்கப் பம்பின் இழுவேகம் பூஜ்யத்தை நோக்கி விழும். அதனால் நீங்கள் வேலை செய்யப்போகும் அழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கு வரையாவது இறங்கக்கூடியதாகப் பம்பு இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. டைமெத்தில்ஃபார்மமைடு எப்போதாவதுதான் என்றால் இரண்டு நிலை போதும். பெப்டைடு வேலை என்கிறீர்கள். அந்தக் கரைப்பான் உங்களுக்கு அடிக்கடி வரும். மூன்று நிலைக்குப் போய்விடுங்கள்.

இழுவேகத்தில் ஆசைப்படாதீர்கள். குடுவை, கன்டன்சர், குழாய் எல்லாம் சேர்ந்து உங்கள் ரோட்டவேப்பரின் கொள்ளளவு 5 லிட்டர் என்று வையுங்கள். மணிக்கு 2 கன மீட்டர் பம்பு என்றால் நிமிடத்துக்கு 33 லிட்டர். 1,000 மில்லிபாரிலிருந்து 10க்கு இறங்க, 5ஐ 33ஆல் வகுத்து 4.6ஆல் பெருக்க வேண்டும் (நூறு மடங்கு இறக்கத்துக்கான இயல் மடக்கை அது). நாற்பது வினாடி சொச்சம். பம்பின் வேகம் போகப்போகக் குறைவதைச் சேர்த்தாலும் ஒன்றரை, இரண்டு நிமிடம். அதன் பிறகு ஆவியை விழுங்குவது கன்டன்சரின் வேலை. பம்பு கசிவை மட்டும் பார்த்துக்கொள்கிறது. இதற்கு மணிக்கு 10 கன மீட்டர் பம்பு வாங்குவது வீண் இரைச்சல்.

வேக்குவம் அவன் இதே பம்பில் ஓடும். அதற்கென்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஃபிரீஸ் டிரையர்தான் கதையை மாற்றுகிறது. அங்கே பனிக்கட்டி உருகாமலேயே ஆவியாக வேண்டும். வழக்கமாக 0.1 முதல் 0.3 மில்லிபார் வரை வேலை நடக்கும். மூன்று நிலை டயாஃபிரம் பம்பு 2 மில்லிபாரில் நின்றுவிடும், அதனால் இந்த வேலை ஆகாது. இங்கே உங்கள் விற்பனையாளரின் இரட்டை நிலை ஆயில் பம்பு சரியான தேர்வு. 0.001 வேண்டாம்; 0.01ஐத் தொட்டாலே தாராளம்.

ஆனால் இங்கேயும் தண்ணீரை வெளியேற்றுவது பம்பு என்று நினைக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் தண்ணீர், அறை வெப்பத்தில் 1 மில்லிபார் அழுத்தத்தில் ஆவியாக இருந்தால் அதற்கு 1,350 லிட்டர் இடம் வேண்டும். 0.1 மில்லிபாரில் 13,500 லிட்டர். மணிக்கு 5 கன மீட்டர் இழுக்கும் பம்பு அந்த ஒரு கிராமை விழுங்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். நீங்கள் வைக்கப்போவதோ நூறு, இருநூறு மில்லிலிட்டர். ஆக, அந்தத் தண்ணீரைப் பிடிப்பது டிரையருக்குள் இருக்கும் குளிர்ச் சுருள்தான். மைனஸ் 50 டிகிரியில் பனிக்கட்டியின் ஆவியழுத்தம் 0.04 மில்லிபார், அதனால் அந்தச் சுருளைத் தொடும் நீராவி அங்கேயே உறைந்து நின்றுவிடுகிறது. பம்பு காற்றை மட்டும் அகற்றி வழிவிடுகிறது.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெச்பிஎல்சியிலிருந்து வரும் உங்கள் பின்னங்களில் (பிரித்துச் சேகரித்த பகுதிகளில்) தண்ணீரோடு அசிட்டோநைட்ரைலும், டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமும் இருக்கும். மைனஸ் 50 டிகிரிச் சுருளை அசிட்டோநைட்ரைல் பெரிதாக மதிக்காது. நழுவிப் பம்புக்குப் போகும். மாதிரியின் உறைநிலையையும் அது கீழே இழுப்பதால், குடுவைக்குள் பாதியில் உருகிப் பொங்குவதும் நடக்கும். டிரையர் இன்னும் வரவில்லை என்பதால், மைனஸ் 80க்குப் போகும் மாடலாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், உறைய வைப்பதற்கு முன்பே ரோட்டவேப்பரில் வைத்து அசிட்டோநைட்ரைலை ஓட்டிவிடுங்கள். 40 டிகிரியில் சுமார் 230 மில்லிபாரில் அது கிளம்பிவிடும், தண்ணீர் பின்தங்கும். இந்த ஒரு பழக்கம் ஆயில் பம்பின் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஆயில் பம்பு வாங்கும்போது அதில் கேஸ் பேலஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் இயற்பியலாளர் வோல்ஃப்காங் கெய்டே 1935இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இன்றும் அதைவிட எளிய வைத்தியம் இல்லை. நசுக்கும் நேரத்தில் சிறிது வெளிக்காற்றை உள்ளே விடும் ஒரு சின்னத் திருகுதான். அந்தக் காற்று சேர்வதால் ஆவி திரவமாவதற்கு முன்பே வெளிவால்வு திறந்துவிடும். திறந்து வைத்தால் ஆழம் கொஞ்சம் குறையும், அதனாலேயே பலர் அதை மூடியே வைத்திருப்பார்கள். மாதிரியை இணைப்பதற்கு முன் அரை மணி நேரம் பேலஸ்ட்டைத் திறந்து ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்குங்கள். வேலை முடிந்த பிறகு வாயை மூடி, மறுபடியும் அரை மணி. கண்ணாடியில் எண்ணெய் பால் போல வெளுத்துத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. கறுத்துத் தெரிந்தால் காலம் முடிந்துவிட்டது. அமிலம் போனது தெரிந்தால் நிறத்துக்காகக் காத்திருக்காமல் அன்றே மாற்றுங்கள்.

எண்ணெயே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்க்ரோல் பம்பு இருக்கிறது. 0.01 மில்லிபார் அளவுக்கு உலர்ந்த வேக்குவம், சுத்தமான வேலை. ஆனால் உள்ளே அலுமினியம். உங்கள் அமிலத்துக்கு அது இரை. டயாஃபிரம் பம்பையும் ஆயில் பம்பையும் ஒரே உடலில் இணைத்த கலப்பு வகை ஒன்றும் கிடைக்கிறது. அதில் எண்ணெய் இருக்கும் பகுதியை டயாஃபிரம் பகுதி எப்போதும் தாழ்ந்த அழுத்தத்திலேயே வைத்திருப்பதால், கரைப்பான் எண்ணெயில் தங்காமல் ஆவியாகிப் போய்விடும். டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் தினமும் வரும் ஆய்வகத்துக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். விலை கூடும். எண்ணெய் செலவும் பழுது பார்க்கும் நாட்களும் குறைவதைக் கணக்கில் எடுத்தால் அவ்வளவு கூடுதலாகத் தோன்றாது.

ஆயில் பம்பில் எண்ணெய் ஆவி பின்னோக்கி நகர்ந்து மாதிரிக்கு வருவதும் உண்டு. பம்பு அதன் ஆழமான நிலையில் இருக்கும்போது, எதிரே வரும் வாயு ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடுவதால், எண்ணெய் மூலக்கூறுகளைத் தடுக்க ஆளில்லை. என்எம்ஆரில் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலையில்) 0.9க்கும் 1.26க்கும் பக்கத்தில் அழைக்காமல் வந்து நிற்கும் சிகரங்கள் கிரீஸிலிருந்துதான் வந்தன என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. பம்பையும் சந்தேகப்படுங்கள்.

நடுவில் ஒரு கோல்டு டிராப் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் காவல். உலர்பனியும் ஐசோபுரோப்பனாலும் சேர்ந்த மைனஸ் 78 டிகிரி பெரும்பாலான கரைப்பான்களுக்குப் போதும். திரவ நைட்ரஜன் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். நைட்ரஜன் மைனஸ் 196இல் கொதிக்கிறது, ஆக்சிஜன் மைனஸ் 183இல். டிராப் நைட்ரஜனில் முழுகியிருக்கும்போது எங்காவது வால்வைத் திறந்து காற்றை இழுக்கவிட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜன் டிராப்புக்குள் திரவமாகச் சேரும். ஏற்கெனவே கரைப்பான் உறைந்திருக்கும் அதே குழாயில். இளநீல நிறத் திரவம் தெரிந்தால் பம்பை நிறுத்தாதீர்கள், நைட்ரஜன் குடுவையை இறக்காதீர்கள், குழாயை மூடாதீர்கள். ஃப்யூம் ஹுட்டின் (ஆவியை வெளியே இழுக்கும் வேலைக்கூண்டு) கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லோரையும் வெளியேற்றி, பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

பட்டியல்களைப் படிப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "99 சதவீத வேக்குவம்" என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது 10 மில்லிபார்தான். 90 சதவீதம் என்றால் 100 மில்லிபார். டார், பாஸ்கல், மெர்க்குரி அங்குலம் என்று ஆளுக்கொரு அலகில் எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் மில்லிபாருக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 1 மில்லிபார் 100 பாஸ்கல், 1 டார் 1.33 மில்லிபார். இழுவேகம் என்று பெரிதாக அச்சிட்டிருப்பது வளிமண்டல அழுத்தத்தில் அளந்தது. நீங்கள் வேலை செய்யும் அழுத்தத்தில் எவ்வளவு என்பது வளைகோட்டு வரைபடத்தில் இருக்கும். அந்த வரைபடம் தரமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். இறுதி அழுத்தம் பேலஸ்ட் மூடியிருக்கும்போதா, திறந்திருக்கும்போதா என்பதையும் கேளுங்கள்.

முள் நகரும் பழைய டயல் கேஜை ரோட்டவேப்பருக்கு நம்ப வேண்டாம். அது வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. வானிலை மாறினாலே வெளிக்காற்று 20 மில்லிபார் ஏறி இறங்கும். நீங்கள் தேடுவது 11 மில்லிபார்! மலைமேல் இருக்கும் ஆய்வகம் என்றால் முள் கடைசிக் கோட்டைத் தொடவே தொடாது, பம்பு நன்றாக இருந்தாலும். வெளிக்காற்றைச் சாராத தனி அழுத்தத்தைக் காட்டும் செராமிக் கேஜ் வாங்குங்கள். எந்த வாயு என்றாலும் ஒரே மாதிரி காட்டும். ஃபிரீஸ் டிரையரில் இருக்கும், வாயு வெப்பத்தைக் கடத்துவதை வைத்து அளக்கும் பிரானி கேஜ் நீராவிக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், "வேக்குவம் இறங்கவில்லையே" என்ற வீண் பதற்றம் இருக்காது.

நல்ல பம்பை வாங்கி மெல்லிய நீளமான ஹோஸில் மாட்டுவது அடிக்கடி காணும் தவறு. இந்த அழுத்தங்களில் குழாய் வழியாகப் போகும் ஓட்டம் உள்விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. பம்பின் வாய் எவ்வளவு அகலமோ அந்த அகலத்திலேயே, முடிந்த அளவு குட்டையாக, சுவர் தடித்த ஹோஸைப் போடுங்கள். பம்பின் வெளிவாயிலிருந்து ஒரு குழாயை ஃப்யூம் ஹுட்டுக்குள் கொண்டுபோங்கள். அந்தக் குழாய் மேல்நோக்கிப் போனால், அதில் குளிர்ந்து சேரும் திரவம் பம்புக்கே திரும்பி வரும். கீழ்நோக்கிச் சரிவாகப் போகட்டும், அல்லது வெளிவாயிலேயே ஒரு கன்டன்சரையும் குடுவையையும் பொருத்துங்கள்.

கண்ணாடியைப் பற்றி ஒரே வரி: தட்டை அடிக் கூம்புக் குடுவையில் வேக்குவம் வைக்கக் கூடாது, தடித்த சுவர் கொண்ட வடிகட்டும் குடுவையில் மட்டும்தான். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டெசிக்கேட்டர் (ஈரம் படாமல் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம்) மூடியைக் காற்று முந்நூறு கிலோவுக்கும் மேலான விசையோடு அழுத்துகிறது என்று மாணவர்களிடம் சொல்லுங்கள், அப்புறம் கீறல் விழுந்த கண்ணாடியை அவர்களே எடுத்து வைத்துவிடுவார்கள்.

இனி உங்கள் ஒப்புதல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பம்பு என்ற நிபந்தனை வேதியியலால் மட்டும் உடையவில்லை, நேரத்தாலும் உடைகிறது. ஃபிரீஸ் டிரையர் ஒரு சுற்றுக்கு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஓடும். அத்தனை நேரமும் பம்பு அதற்கே அடிமை. நடுவில் யாராவது ரோட்டவேப்பருக்காக வால்வைத் திருப்பினால் டிரையரில் அழுத்தம் ஏறும், பனி உருகும், ஒரு மாத வேலை நுரையாகிக் குடுவையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மேலிடத்தில் எழுதிக் கேட்கும்போது பம்பு என்று எழுதாமல், "ஃபிரீஸ் டிரையருக்கு உரிய பம்பு" என்று டிரையரின் உதிரிப் பட்டியலிலேயே சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் சேர்த்து விற்கிறார்கள். அது உங்கள் ஒரே பம்பு ஒப்புதலைத் தொடாது. அந்த ஒரு பம்பை மூன்று நிலை டயாஃபிரமாக, கன்ட்ரோலரோடு வாங்கி, ரோட்டவேப்பர், அவன், வடிகட்டல் மூன்றுக்கும் வால்வு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையிலும் பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கட்டும், ஒருவர் திறக்கும்போது மற்றவரின் குடுவை பொங்காமல் இருக்க. வடிகட்டும் கிளையில் இடையில் ஒரு காலிக் குடுவையும் வையுங்கள். எவ்வளவு கவனமானவரும் ஒரு நாள் வழியவிடுவார்.

இரண்டாவது பம்பு கிடைக்கவே கிடைக்காது என்று அடித்துச் சொன்னால், இப்போதைக்கு டயாஃபிரத்தை வாங்கிவிட்டு டிரையரைத் தள்ளிப்போடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சின்ன ஆயில் பம்பை டிரையருக்கு மாட்டுபவர்களும் உண்டு. தண்ணீர் மட்டும் என்றால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். உங்கள் அமிலத்துக்கு வேண்டாம். பழைய பம்பு யாராவது தருகிறார்கள் என்றால், அதில் முன்பு என்ன ஓடியது என்று எழுத்தில் வாங்கிய பிறகே திருகைத் தொடுங்கள்.

பம்பு வந்து இறங்கிய அன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஹோஸ் எதையும் மாட்டாமல் வாயில் கேஜை மட்டும் வைத்து, அரை மணி ஓடவிட்டு, காட்டும் எண்ணைத் தேதியோடு பம்பின் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் ரோட்டவேப்பரைக் காலியாக, நன்றாக உலர்ந்த நிலையில் இணைத்து 20 மில்லிபாருக்கு இறக்கி, வால்வை மூடிவிட்டு, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று நிமிடத்துக்கு ஒரு முறை குறியுங்கள். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. முதலில் ஏறிப் பிறகு அடங்கினால் உள்ளே ஈரம். ஆறு மாதம் கழித்து யாராவது வந்து "பம்பு இழுக்கவில்லை" என்று சொல்லும்போது, முதலில் அந்தத் தாளைப் பாருங்கள். பம்பு தனியாக அதே எண்ணைத் தொட்டால், ரோட்டவேப்பரில் கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றிப் பாருங்கள்.